எங்கள் வீட்டுப் பல்லிக்கு வைத்தியம்

ஒரு மாத்திரைக்காக வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் மட்டும்தான். மாத்திரை எனக்கு எழுதிக் கொடுத்தது, விழுங்க வேண்டியவளும் நான். ஆனால் அன்றைக்கு நான் அதைப் போட்டுக்கொண்டே ஆக வேண்டும் என்று நாத்தனார் கெஞ்சினாள், போட்டுக்கொள்ளவே கூடாது என்று மாமியார் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். அது என் கழுத்துக்கும் நாக்குக்கும் உள்ள பிரச்சினை என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நாத்தனார் படிக்கப் போவாளா, கல்யாணமாகித் திருவாரூர்ப் பக்கம் போவாளா என்பது அந்த மாத்திரையில் இருந்தது. கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். நடந்துகொண்டிருந்தபோதும் அப்படித்தான் இருந்தது.

சின்ன வயதிலிருந்தே எனக்கு இடது கண் சிமிட்டும், வலது தோள் குலுங்கிக் குலுங்கிக் கழுத்து வலிக்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிந்து 'ச்ச்' என்று சத்தம் போடும். எதையும் நானாகச் செய்வதில்லை. தும்மல் மாதிரி அதுவாக வரும். கொஞ்ச நேரம் அடக்கலாம், ஆனால் அப்புறம் வட்டியும் முதலுமாக வந்து சேரும். அம்மா அதைக் கெட்ட பழக்கம் என்றே நம்பினாள். தொடையில் கிள்ளிக் கிள்ளிக் கண்டித்துப் பார்த்தாள். கிள்ளிய இடம் தடித்ததே தவிரக் கண் நிற்கவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று, தலையைக் குனிந்தபடியே இருந்தால் கண் தெரியாது, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினால் தோள் தெரியாது என்று அம்மா கணக்குப் போட்டிருந்தாள். நாக்குக்கு மட்டும் வழி தெரியவில்லை. நான் காபித் தட்டோடு நிற்கும்போது, மாப்பிள்ளையின் அப்பா, "நமக்கு எல்லாம் திருப்திதான்" என்றார். உடனே என் நாக்கு 'ச்ச்' என்றது. அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பாவோ முகம் மலர்ந்து, விரலை மடக்கித் தரையில் தட்டி, "பல்லி சொல்லிடுச்சு" என்றார். பேச்சின் நடுவே பல்லி கத்தினால் சொன்னது நிஜமாகும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். இப்படியாக என் கல்யாணத்தை நானே நிச்சயம் செய்துகொண்டேன்.

புகுந்த வீடு காரைக்காலை அடுத்த நெரவிக்குப் பக்கத்துக் கிராமம். ஓட்டு வீடு, குறுக்கே பெரிய உத்தரம், அதில் நிஜமாகவே பல்லிகள். மாமனாருக்கு நிலம் கொஞ்சம் இருந்தது, யோசனை நிறைய இருந்தது. எந்த முடிவையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் பேசாமல் உத்தரத்தைப் பார்ப்பார். யாராவது முக்கியமாக ஒன்று சொன்னால் எனக்குள் ஏதோ இறுகும், இறுகினால் நாக்கு சத்தம் போடும். ஆகவே அவர் கேட்டு வாய் மூடியதும் பதில் டாண் என்று வந்தது. "ஆத்துல தண்ணி வந்துரும், குறுவை போட்டுருவோம்" என்றார், ச்ச் என்றது, போட்டார், விளைந்தது. கிழட்டுப் பசுவை விற்றார். கொல்லையில் போர்க் குழாய் இறக்கினார். எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்தது நான். புதுப்பெண் கூடத்துக்கு வந்து நின்று, 'மாமா, அது பல்லி இல்லை, நான்தான்' என்று அறிவிப்பதற்கு எந்த ஊரிலும் முறை கிடையாது. அதனால் நானும் சமையற்கட்டு நிலைப்படியில் நின்று ஆட்சி நடத்திக்கொண்டிருந்தேன்.

குட்டு உடைந்தது களத்தில். அறுவடை முடிந்து நெல் குவிந்திருந்தது. நான் ஆட்களுக்கு மோர் கொண்டுபோயிருந்தேன். நெல்லைக் களத்திலேயே வியாபாரிக்குக் கொடுத்துவிடலாம் என்று மாமனார் சொல்ல, என் நாக்கு வழக்கம்போல் ஆமோதித்தது. சுற்றிலும் வெட்டவெளி. கூரை இல்லை, சுவர் இல்லை, ஒரு மரம்கூடக் கிடையாது. மாமனார் பழக்கதோஷத்தில் வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஆட்களும் பார்த்தார்கள். பிறகு எல்லோருடைய பார்வையும் மெல்ல இறங்கி என்னிடம் வந்து நின்றது. நான் பயத்தில் இன்னும் இரண்டு தடவை சொன்னேன்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன். மாமனார் சாப்பிட்டு எழுந்தார். கை கழுவிவிட்டு வந்துதான் சொன்னார்:

"பல்லியா இருந்தா என்ன, மருமவளா இருந்தா என்ன? பல்லி மட்டும் யோசிச்சா சொல்லுது?"

அந்த நியாயத்தில் ஓட்டை எங்கே என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அன்றிலிருந்து எனக்கு வீட்டில் மரியாதை கூடியது. கூடத்தில் பேச்சு நடந்தால் என்னை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு, நிலைக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. உட்கார்ந்தால் போதும்.

நாக்குக்கு இப்படி ஒரு வாழ்வு வந்ததே தவிர, கண்ணுக்கு வரவில்லை. நான் காரைக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். தினமும் பஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெற்றி நிறைய விபூதியோடு நடுத்தர வயது ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மாமனார் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "உங்க மருமவ தெனமும் பஸ்ஸுல என்னயப் பாத்துக் கண்ணடிக்கிதுங்க. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு. கொஞ்சம் சொல்லி வைங்க" என்றார். பாவம், குரல் நடுங்கியது. மாமனார் என்னைக் கூப்பிட்டார். நான் கூடத்துக்கு வந்து, அந்த மனிதரை நேருக்கு நேராகப் பார்த்து, எல்லோர் முன்னிலையிலும் கண்ணடித்தேன். அவர் வைத்த தண்ணீரைக் குடிக்காமலே போய்விட்டார்.

அன்று முழுக்க நான் அழுதேன். சிரிக்க வேண்டிய விஷயம் என்பது பிற்பாடு தெரிந்ததுதான். அன்றைக்கு எனக்கு இருந்தது வெட்கமும் ஆத்திரமும் மட்டுமே. மறு வாரமே என் வீட்டுக்காரர் லீவு போட்டு என்னைப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே எங்களை அனுப்பிய இடத்தில் 'மனநோய்ப் பிரிவு' என்று பலகை இருந்தது. காரைக்கால்காரர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று அவர் அந்தப் பலகையை மறைத்தபடி நின்றார். பலகை அவரைவிட அகலம்.

டாக்டர் வயதில் சின்னவர். என்னைப் பேசவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். கண், தோள், நாக்கு மூன்றும் அவருக்குக் காட்சி கொடுத்தன. "இது பழக்கமில்லம்மா. வியாதி. நீங்க வேணும்னு செய்யல" என்றார். முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த என்னிடம் அதை முதன்முதலாகச் சொன்ன ஆள் அவர். என் அம்மாவை இழுத்து வந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்து இன்னொரு தடவை சொல்லச் சொல்ல வேண்டும் போலிருந்தது. மாத்திரை இதை வேரோடு எடுக்காது, அடக்கி வைக்கும், வருஷக்கணக்கில் போட வேண்டியிருக்கலாம், தன்னைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். பொட்டு அளவுக்குச் சின்ன மாத்திரை. இதுவா அடக்கப் போகிறது என்று நினைத்தேன்.

அடக்கியது. சில வாரங்களில் கண் அமைதியானது, தோள் தணிந்தது, நாக்கு வாய்க்குள் ஒரு பண்டத்தைப் போலச் சும்மா கிடந்தது. கழுத்து வலி இல்லாமல் விழித்தெழுந்த முதல் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுந்திருக்காமல் அப்படியே படுத்து அந்தச் சுகத்தை அனுபவித்தேன். அதற்கான விலை பின்னாலேயே வந்தது. உட்கார்ந்தால் தூக்கம். ரவிக்கையெல்லாம் பிரித்துத் தைத்தேன். நடை சுருங்கியது, பேச்சு குழறியது. தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு எந்தக் காலத்திலும் கண்ணோ தோளோ தொல்லை கொடுத்ததில்லை, விரல்கள் ஓடும்போது மற்றதெல்லாம் அடங்கியிருக்கும். இப்போது அந்த விரல்கள்தான் ஓட மறுத்தன. வியாதி தொடாத ஒரே இடத்தையும் மருந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

முகம் வேறு உறைந்துபோனது. பங்காளி வீட்டுச் சாவில் எல்லோரும் மாரடித்து அழும்போது நான் வங்கியில் வரிசையில் நிற்பவளைப் போல நின்றேன். அடுத்த வாரம் அதே முகத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். சாவு வீட்டுக்காரர்கள் கல்நெஞ்சக்காரி என்றார்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் வயிற்றெரிச்சல் என்றார்கள். உள்ளே அழுகையும் சிரிப்பும் வழக்கம்போல நடந்துகொண்டுதான் இருந்தன. வெளியே வர வழியில்லை.

மாதாமாதம் புதுச்சேரிக்குப் போய் வந்தோம். தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு. புதுச்சேரியிலிருந்து கிளம்பும் பஸ்ஸை எல்லையில் நிறுத்திச் சாராயத்துக்குச் சோதனை போடுவார்கள். ஒரு தடவை எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். நான் படியில் தடுமாறி இறங்கி, காலை இழுத்து இழுத்து நடந்தேன். போலீஸ்காரர் என்னையே பார்த்தார். எங்கே போய் வருகிறாய் என்று கேட்டார். "ஆஸ்பத்திரி" என்று சொல்லப் போனேன். தடித்த நாக்கில் அந்தச் சொல் பாதி வழியிலேயே படுத்துக்கொண்டது. ஒரு பெண்பிள்ளை பட்டப்பகலில் இப்படியா என்று அவர் தலையிலடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் மருந்துச் சீட்டை எடுத்து விரித்து விளக்க ஆரம்பித்தார். மொத்தச் சாவடியும் எங்களைச் சுற்றி நின்றது. அந்தச் சந்தடியில், இடுப்பைச் சுற்றிப் பாட்டில் கட்டியிருந்த ஒருவர் அலுங்காமல் நலுங்காமல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். சிதம்பரத்தில் இறங்கும்போது அவர் என் எதிரே நின்று, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் இதைவிடப் பெரிய கஷ்டம் மாமனாருக்கு. உத்தரத்தில் நிஜப் பல்லிகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் அவை வேளை பார்த்துச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலில்லை, கேட்காதபோது கத்தின. "இதுங்களுக்கு நம்ம வூட்டு விஷயம் என்னா தெரியும்" என்று சலித்துக்கொண்டார். குறுவை போடுவதா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் விதைக்கும் நாளே கடந்துபோனது. என்னிடம் கோபப்படவும் அவரால் முடியவில்லை. மாத்திரை எப்படியம்மா இருக்கிறது என்று விசாரிப்பார். நல்லது மாமா என்பேன். நல்லதுதான் என்று சொல்லிவிட்டுப் பெருமூச்சு விடுவார்.

அந்த நேரத்தில்தான் நாத்தனாருக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. அதே வாரத்தில் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரனும் வந்தது. மாமியாருக்கு வரன்மேல் ஆசை. நாத்தனாருக்குப் படிப்புமேல் உயிர். மாமனாருக்கு, வழக்கம்போல, யாராவது சொன்னால் தேவலை.

வரன்காரர்கள் வரப்போகிற நாளுக்கு நாலு நாள் முன்னால் நாத்தனார் கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். துணியை அலசியபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"அண்ணி, அன்னிக்கி மட்டும் மாத்திரைய மறந்துராதீங்க. நீங்க ஒரு சத்தம் போட்டீங்கன்னா அப்பா என்னயத் தாரவாத்துருவாங்க."

நான் ஏன் மறக்கப் போகிறேன் என்றேன். ஆனால் அன்று சாயங்காலம் மாத்திரை அட்டையைக் காணவில்லை. அலமாரியில் இல்லை, கைப்பையில் இல்லை, தலையணைக்கு அடியில் இல்லை. மாமியார் என்னைவிட மும்முரமாகத் தேடினார். அடுத்த நாளும் கிடைக்கவில்லை, அதற்கடுத்த நாளும். காரைக்கால் கடைகளில் அந்த மாத்திரை இல்லை, வரவழைக்க வேண்டும் என்றார்கள். நாக்கு மெல்ல விழித்துக்கொள்வதை என்னால் உணர முடிந்தது. பயமாக இருந்தது. என்னைக் காட்டிலும் அந்தப் பெண்ணை நினைத்து.

வரன்காரர்கள் வந்த அன்று மாமியார் எனக்கு நிலைக்குப் பக்கத்தில் தன் கையாலேயே பாய் போட்டார். பையனின் தாய்மாமன்தான் பேசினார். நல்ல கனத்த மனிதர், கனத்த குரல். "பையனுக்கு ஒரு கெட்ட பழக்கம் கெடயாது" என்றார். ச்ச். மாமனாரின் முகத்தில் வெளிச்சம் வந்தது, எத்தனையோ மாதம் கழித்து விரலை மடக்கித் தரையில் தட்டினார். வந்தவர்களும் தட்டினார்கள். பெண் மேலே படிக்கத் தேவையில்லை என்றார் தாய்மாமன். ச்ச். மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு வாஞ்சை. அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்தது.

ஆனால் அடக்கி வைத்திருந்த அணையை அப்படிக் கொஞ்சமாகத் திறக்க முடியாது என்பது மாமியாருக்குத் தெரியாது. மாமனார் ஒரு பேச்சுக்கு, பள்ளிக்கூடத்து டீச்சர் படிக்க வைக்கத்தான் சொன்னார் என்றார். ச்ச் ச்ச். அவர் தட்டப் போன விரல் நடுவழியில் நின்றது. படித்து என்ன ஆகப் போகிறது என்றார் தாய்மாமன். ச்ச். மழை வரும் போலிருக்கிறது என்றார் யாரோ. ச்ச். வராது என்றார் இன்னொருவர். ச்ச் ச்ச் ச்ச். காபிக்குச் சர்க்கரை போதுமா என்று மாமியார் கேட்டதற்கும் நானே பதில் சொன்னேன். வந்தவர்கள் அண்ணாந்து உத்தரம் முழுக்கத் தேடினார்கள். "வூட்டுல பல்லி ரொம்ப இருக்கும் போலருக்கே" என்றார் பையனின் அம்மா. அப்போது தோள் எகிறியது. தலைப்பு நழுவியது. நான் நிமிர்ந்தேன், எதிரே தாய்மாமன். இடது கண் அவரைப் பார்த்து நிதானமாக, ஒன்றுக்கு இரண்டு தடவை சிமிட்டியது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பையனின் அம்மா அதைப் பார்த்தார், தாய்மாமனின் மனைவியும் பார்த்தார். ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்பதற்குப் பல்லி தேவையில்லை. ஆனாலும் நான் சொன்னேன்.

வேண்டுமென்றே செய்தாயா என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். இந்த வியாதி உள்ளவளிடம் கேட்கிற கேள்வியா அது? வேண்டுமென்று செய்ய முடிந்தால் வேண்டாமென்று விட முடிந்திருக்காதா? அன்று அவர்கள் போன பிறகும் அது நிற்கவில்லை. கழுத்து திரும்ப முடியாதபடி வலித்தது, பல்லில் உரசி உரசி நாக்கு புண்ணாகியிருந்தது. சோறு இறங்கவில்லை. மாமியார் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய், துவரம்பருப்பு டின்னைக் கவிழ்த்து, பருப்புக்குள்ளிருந்து மாத்திரை அட்டையை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"எனக்கு என்னடி தெரியும்? பல்லி மட்டுந்தான் வரும்னு நெனச்சேன்."

கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் 'ச்ச்' என்றுதான் வந்தது. அதற்கு அவர் பாவமாகத் தலையாட்டினார்.

டாக்டர் என் வீட்டுக்காரரை நன்றாகத் திட்டினார். பருப்பு டின் விஷயத்தைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு மாத்திரையின் அளவைக் குறைத்து, விறைப்புக்கு இன்னொரு மாத்திரை சேர்த்தார். அளவைக் கூட்டியும் குறைத்தும் எண்பதுகள் முழுக்க அது தொடர்ந்தது. விறைப்பு விட்டு நாக்கு இளகியது. முகம் கொஞ்சம் திரும்பி வந்தது. முழுசாக இல்லை, சிரித்தால் சிரிப்பது தெரிகிற அளவுக்கு. அன்று முதல் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, விழுங்குகிறேனா என்று நின்று பார்த்தது மாமியார்தான்.

அந்த வரன்காரர்கள் போன கொஞ்ச நாளிலேயே பயிற்சியில் சேரக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. நெரவிக்குள்ளேயே இன்னொரு வரன் இருப்பதாகத் தரகர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒரு காலையில் மாமனார் கூடத்தில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். நான் நிலைக்குப் பக்கத்தில் என் இடத்தில் உட்கார்ந்தேன். நாத்தனார் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய கால்விரல்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. "புள்ளய படிக்க அனுப்பிரலாமா" என்று அவர் பொதுவாகக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

சத்தம் வரவில்லை. நானும் கவனித்துக்கொண்டிருந்தேன். நாக்கு அசையவே இல்லை. அவர் முகம் மெல்ல வாடியது, எழுந்திருப்பதற்காகத் துண்டை எடுத்தார். இத்தனை வருஷம் இந்த வீட்டில் என் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு அர்த்தம் எடுத்தார்களே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதுண்டா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"படிக்கட்டும் மாமா" என்றேன்.

அவர் முதலில் உத்தரத்தைத்தான் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். கடைசியாகத்தான் என்னைப் பார்த்தார்.

"யாரு, நீயா சொன்ன?"

"நான்தான் மாமா. படிக்கட்டும்."

அவர் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து, விரலை மடக்கித் தரையில் தட்டினார்.